நடுவுல நின்னது ஜெசிந்தா டீச்சர்

தம்பி, கோவிச்சுக்காதீங்க. உங்க போனை எட்டிப் பாத்துட்டேன். முப்பது வருசமா பரீட்சை ஹால்ல சுத்தி வந்த கண்ணு இது. பக்கத்துல எது தெரிஞ்சாலும் படிச்சிரும்.

ஸ்ரீநகர், மூணு டிகிரி, மழைன்னு போட்டிருக்கு. அதைப் பாத்துத்தான இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கீங்க? நீங்க போறது குல்மார்க்குக்குத்தான? எப்படித் தெரியுமா, நடுவுல ஓட்டல்காரன் மெசேஜ் வந்துச்சே, அதையும்தான் படிச்சேன். குல்மார்க் போற ஆளு எதுக்கு ஸ்ரீநகரைப் பாக்குறீங்க? ஸ்ரீநகர் அடிவாரம் தம்பி. குல்மார்க் அதுக்கு மேல ஒரு கிலோமீட்டர் உயரத்துல இருக்கு. ஒரு கிலோமீட்டர் ஏறினா ஆறு, ஆறரை டிகிரி குறையும். மூணுல இருந்து ஆறரையைக் கழிங்க. மைனஸ் மூணரை. கீழ மழையா விழுறது அங்க பனியா விழும். கீழ ஒரு மில்லிமீட்டர் மழைன்னு போட்டிருந்தா, மேல ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பனின்னு வச்சுக்கோங்க. இப்ப சிரிங்க.

இதெல்லாம் நானாத் தெரிஞ்சுக்கிட்டது. யாரும் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுக்க ஒரு ஆள் பின்னாலயே வந்தாங்கதான், அது வேற.

என் பேரு செல்லக்கனி. நம்ம ஊர் பெண்கள் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்கேன். உள்ள பிசியோ மேடத்துக்கிட்ட காலை நீட்டிப் படுத்திருக்கிறது ஜெசிந்தா டீச்சர். எங்க ஸ்கூல் ஜியாகிரபி. முட்டியில ஜவ்வு கிழிஞ்சு இன்னையோட அஞ்சு வாரம். வாரத்துக்கு மூணு நாள் என் ஸ்கூட்டியிலதான் கொண்டாந்து இறக்குறேன். எப்படிக் கிழிஞ்சுதுன்னா கேக்குறீங்க? பனிச்சறுக்குலதான். ஏன் அப்படி வெடுக்குன்னு திரும்புறீங்க? கழுத்து, கழுத்து! பட்டையைக் கழட்டச் சொல்ற அன்னைக்குத்தான திரும்பணும்?

நீங்க நினைக்கிறது சரி. ஐம்பத்தஞ்சு வயசுப் பொம்பளைங்க ரெண்டு பேரு, பொங்கல் லீவோட இன்னும் பத்து நாள் லீவு சேத்து, பானை வைக்கிறதை விட்டுட்டு இமயமலையில சறுக்கப் போனோம். எங்க அண்ணி இன்னும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அதுக்குக் காரணம் நான் இல்ல. ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைதான் காரணம்.

ஜெசிந்தா டீச்சர் பனியாறு பாடம் நடத்தியிருக்காங்க. பிள்ளை எந்திரிச்சு, "டீச்சர், பனி தொட்டா எப்படி இருக்கும்?"ன்னு கேட்டிருக்கு. இவங்க, "ஃப்ரிட்ஜுல மேல் அறையில படிஞ்சிருக்கும் பாரு, அது மாதிரி"ன்னிருக்காங்க. "எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் இல்ல டீச்சர், நீங்க தொட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டிருக்கு அது. இவங்க வந்து ஸ்டாஃப் ரூம்ல உக்காந்துட்டாங்க. இருபத்தாறு வருசமா பனியாறு நடத்துறாங்க தம்பி, ஒரு துளி பனி பாத்ததில்ல. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்ல அன்னைக்கு. எனக்குப் பொறுக்கல. "கிளம்புங்க டீச்சர், போய்த் தொட்டுட்டு வருவோம்"னு சொன்னேன். அவங்களுக்குத் தொட்டாப் போதும். எனக்கு அப்படி முடியுமா? நான் பி.டி. டீச்சர். அவ்வளவு தூரம் போயித் தொட்டுட்டு மட்டும் வர்றதா? உச்சியில இருந்து சறுக்கி இறங்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

முடிவு பண்ணதோட நின்னிருக்கலாம். அசெம்பிளியில மைக்கைப் பிடிச்சுச் சொல்லிட்டேன். ஆயிரத்து நூறு பிள்ளைங்க கைதட்டுச்சு. "வீடியோ, வீடியோ"ன்னு பின் வரிசையில இருந்து சத்தம். "கொண்டு வர்றேன்"னுட்டேன்.

அன்னையில இருந்து ஜெசிந்தா டீச்சர் ஒரு நோட்டைப் போட்டாங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மூணு வெப்சைட் பாப்பாங்க. காத்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர் வேகம், எந்த உயரத்துக்கு மேல பனி, எல்லாம் எழுதுவாங்க. ஒரு தடவை, "வியாழக்கிழமை பனி விழ முப்பது சதவீதம் வாய்ப்பு"ன்னாங்க. "முப்பதுன்னா ஃபெயிலுல்ல டீச்சர், முப்பத்தஞ்சு எடுத்தாத்தான பாஸு?"ன்னு கேட்டேன். பத்து நாள் இதே மாதிரி வானம் இருந்தா அதுல மூணு நாள் விழும்னு ஏதோ விளக்கம் குடுத்தாங்க. ஸ்டாஃப் ரூமே என் பக்கம் சிரிச்சுச்சு.

போனோம். எந்த மலைன்னு பேர் வேணாம். உத்தரகாண்ட்ல ஒரு மலை. ஹரித்துவார்ல இறங்கி ஒரு நாள் பூரா வண்டியில வாந்தி எடுத்தாத்தான் வரும். வாந்தி நான் இல்ல, அவங்க. நான் எடுத்தது ரெண்டே ரெண்டு தடவை.

இறங்கிப் பாத்தா பனியைக் காணோம் தம்பி! பழுப்பா புல்லு காஞ்சு கிடக்கு. நம்ம சாத்தூர் ரோட்டுல பாக்குற மாதிரி. டீச்சர் நோட்டை விரிச்சு, "இன்னும் மூணு நாள் இப்படித்தான் டீச்சர். புதன்கிழமை மத்தியானம் மேற்கே இருந்து மேகம் வருது"ன்னாங்க, ஏதோ சொந்தக்காரங்க ரயில்ல வர்ற மாதிரி.

நிழல் விழுற சரிவுல நூறு அடிக்கு மட்டும் பழைய பனி இருந்துச்சு. அதுல எங்களுக்குப் பழக்கிக் குடுத்தவர் பேரு தேவேந்தர் பிஷ்ட். தங்கமான ஆளு. ஒரு வார்த்தை இங்கிலீசு கிடையாது. ஜெசிந்தா டீச்சர் சின்ன வயசுல ரெண்டு இந்திப் பரீட்சை எழுதினவங்க, அதை வச்சு மொழிபெயர்ப்பாங்க. காலுல மாட்டுற பலகை ரெண்டோட முன் நுனியையும் கிட்டக் கொண்டு வந்து, குதிங்காலை விரிச்சா நின்னுரும், இதுதான் முதல் பாடம். நிக்கிறதுக்கான பாடம். எனக்கு நிக்கிறதுல அவ்வளவா ஆர்வம் இல்ல. ஜெசிந்தா டீச்சர் மூணு நாளும் அதையே போட்டுப் பழகினாங்க. சறுக்குவாங்க, நிப்பாங்க. சறுக்குவாங்க, நிப்பாங்க. பிஷ்ட் "ஷாபாஷ், ஷாபாஷ்"ங்கிறார். நான் அவங்களை விட வேகமாப் போனேன், எனக்கு ஒரு ஷாபாஷ் இல்ல. வேலியில முட்டினேன்கிறதை மட்டும்தான் பாத்தார்.

புதன்கிழமை காலையில நான் போனைப் பாத்தேன். அடிவாரத்து ஊருக்கு நாலு டிகிரி, மழை ஆறு மில்லிமீட்டர்னு போட்டிருந்துச்சு. "பாத்தீங்களா டீச்சர், பனி இல்ல, மழைதான். உங்க நோட்டு அவுட்டு"ன்னு சொன்னேன். இப்ப உங்களுக்குச் சொன்னேனே, கழிக்கிற கணக்கு, அதை அன்னைக்கு அவங்க எனக்குச் சொல்ல வந்தாங்க. நான் காதுல வாங்கல. வாங்கலைன்னாலும் உள்ள போயிருக்கு பாருங்க, இப்ப எடுத்து விடுறேன்ல.

மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு விழ ஆரம்பிச்சுச்சு.

சத்தமே இல்ல தம்பி. அதுதான் எனக்கு ஆச்சரியம். மழைன்னா தகரத்துல அடிக்கும், இலையில அடிக்கும். இது சும்மா வந்து உக்காருது. ஜெசிந்தா டீச்சர் கையுறையைக் கழட்டி, வெறும் கையை நீட்டிட்டு நின்னாங்க. உள்ளங்கையில விழுறதும் கரையுறதுமா. "ஈரமா இல்ல டீச்சர், மாவு மாதிரி இருக்கு"ன்னாங்க. அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லணும்னு அப்பவே யோசிச்சுட்டாங்க போல. கண்ணெல்லாம் தண்ணி. குளிருக்கு அப்படித்தான் வரும்.

வியாழன் பூரா கொட்டுச்சு. வெள்ளிக்கிழமை விடிஞ்சா, சொன்னா நம்ப மாட்டீங்க, வானம் புதுச் சீலை மாதிரி நீலம். மலை பூரா வெள்ளை. மறுநாள் காலையில எங்களுக்கு வண்டி. சறுக்கினா அன்னைக்குத்தான் சறுக்கணும். எட்டரை மணிக்கெல்லாம் நான் ஷூவை மாட்டிட்டேன். ஜெசிந்தா டீச்சர் நோட்டோட வந்து குறுக்க நிக்கிறாங்க.

"டீச்சர், இது இடைவெளி. ஒரு மேகக் கூட்டம் போயிருச்சு, அடுத்தது பதினோரு மணிக்கு வருது. காத்து ஐம்பது கிலோமீட்டர் போட்டிருக்கான். கீழ் சரிவுலேயே சறுக்குவோம்."

"வானத்தைப் பாருங்க டீச்சர்."

"வானத்தைப் பாத்தா இப்ப இருக்கிறதுதான் தெரியும். பதினோரு மணி தெரியாது."

"அப்ப நீங்க நோட்டையே பாத்துட்டு இருங்க. நான் போயிட்டு வந்து ஒப்பிக்கிறேன்."

பிஷ்ட்டும் கையை ஆட்டி என்னமோ சொன்னார். மொழிபெயர்க்க நான் விடல. பூனாவுல இருந்து ஒரு கூட்டம் வந்திருந்துச்சு, அவங்களோட போயி தொங்கு நாற்காலியில ஏறிட்டேன். நாற்காலி மேல போகப் போக, கீழ ஜெசிந்தா டீச்சர் புள்ளி மாதிரி ஆயிட்டாங்க. கையை மட்டும் ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. நானும் டாட்டா காட்டினேன்.

உச்சி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா... அருமை தம்பி. நாலு பக்கமும் சிகரம். பூனாக்காரப் பொண்ணு ஒண்ணு என்னை வீடியோ எடுத்துச்சு. நான் ரெண்டு கையையும் தூக்கி, "விருதுநகர் பிள்ளைகளே"ன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அதோட கை விறைச்சுப் போச்சாம், நிறுத்திருச்சு. மூணு செகண்டு இருக்கு. அப்புறம் காட்டுறேன். அந்தக் கூட்டம் சர்ருன்னு இறங்கிப் போயிருச்சு. நான் பெல்ட்டை இறுக்கி, மூச்சை இழுத்து, சாமியைக் கும்பிட்டு, நல்ல நேரம் பாக்குறதுக்குள்ள மணி பதினொண்ணு ஆக அஞ்சு நிமிசம்.

அஞ்சு நிமிசம் முன்னாடியே வந்துருச்சு தம்பி! அதைத்தான் நான் சொல்றேன். பதினோரு மணின்னு சொன்னது தப்பு.

வந்ததுன்னா எப்படிச் சொல்ல? மேகம் நம்ம மேல நடந்து போகுது. கையை நீட்டினா கை இல்ல. கீழ எது, மேல எது தெரியல. சுண்ணாம்பு அடிச்ச ரூமுக்குள்ள நம்மளை வெள்ளைத் துணியால மூடி விட்ட மாதிரி. காத்து வந்து மூஞ்சியில மணலு மாதிரி அடிக்குது. நாற்காலியை நிறுத்திட்டாங்க, அந்த மோட்டார் சத்தமும் போச்சு. நான் நிக்கிறேன்னு நினைச்சுட்டு இருக்கேன், பாத்தா மெல்ல நழுவிட்டு இருக்கேன். நழுவுறேன்னு நினைச்சு உக்காந்தேன், அப்பதான் தெரிஞ்சது நின்னுட்டுத்தான் இருந்திருக்கேன். பயம் எல்லாம் இல்ல. உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், கொஞ்சம் அழுதேன். அதுவும் இமையிலேயே உறைஞ்சு போச்சு.

எவ்வளவு நேரமோ தெரியாது. கீழ இருந்து ஒரு குரல் கேட்டுச்சு. "ருக்கோ! ருக்கோ!" பிஷ்ட் குரல். எனக்கு உசுரு வந்துச்சு. "வா, வா"ன்னு கூப்பிடுறார்னு நினைச்சு எந்திரிச்சு, குரல் வந்த பக்கமா நகர ஆரம்பிச்சேன். "ருக்கோ"ன்னா நில்லுன்னு அர்த்தமாமே? எனக்கு எப்படித் தெரியும்? நான் படிச்ச ஸ்கூல்ல இந்தி எங்க சொல்லிக் குடுத்தான்? அவர் கத்தக் கத்த நான் வேகமா நகர்றேன். இடது பக்கம் பத்தடியில பெரிய பள்ளம் இருந்துச்சுன்னு அப்புறம்தான் சொன்னாங்க.

அப்பக் கேட்டுச்சு தம்பி, அந்தச் சத்தம்.

"ஏட்டி கனி! அசையாதட்டி! அங்கேயே நில்லு!"

ஜெசிந்தா டீச்சர். நாசரேத்துப் பக்கத்துக்காரங்க அவங்க, அங்கல்லாம் ஏடிங்கிறதை ஏட்டிம்பாங்க. இருபத்தாறு வருசத்துல நான் அவங்களை டீச்சர்னுதான் கூப்பிட்டிருக்கேன், அவங்களும் என்னை டீச்சர்னுதான். வீட்ல விசேசம்னாலும் டீச்சர், ஆஸ்பத்திரின்னாலும் டீச்சர். எங்க வீட்டுக்காரர் இறந்தன்னைக்கு ராத்திரி பூரா என் கையைப் பிடிச்சுட்டு இருந்தாங்க, அப்பவும், "டீச்சர், ஒரு வாய் காப்பி குடிங்க டீச்சர்"தான். அப்படிப்பட்டவங்க, அவ்வளவு பெரிய மலையில, இந்திக்காரங்க முன்னாடி, ஏட்டிங்கிறாங்க. அதிர்ச்சியில அப்படியே நின்னுட்டேன்.

அவங்க எதுக்கு வந்தாங்கன்னு கேக்குறீங்களா? பிஷ்ட் தனியாத்தான் கிளம்பியிருக்கார். இவங்கதான், "அந்தம்மாவுக்கு இந்தி தெரியாது, நானும் வர்றேன்"னு பிடிவாதம் பிடிச்சிருக்காங்க. முந்நூறு அடி ஏறியிருக்காங்க. பலகையைக் குறுக்க வச்சு, ஒவ்வொரு எட்டா. நான் மட்டும் மேல போயிட்டேன்னு மனசு கேக்கல போல. கொஞ்சம் பொறாமை இருக்கத்தான செய்யும், மனுச சுபாவம்.

மேகம் கொஞ்சம் மெலிஞ்சு, வெள்ளைக்குள்ள அவங்க சிவப்புக் குல்லா தெரிஞ்சுச்சு. அதைப் பாத்ததும் எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அசையாதன்னு சொன்னதெல்லாம் மறந்து போச்சு. "டீச்சர்!"னு கத்திட்டு, ஊனுகோலை ஒரு ஊனு ஊனிக் கிளம்பிட்டேன். நல்ல சறுக்கு தம்பி. ஐம்பதடி இருக்கும். சுத்தமா, நேரா, ஒரு தடுமாத்தம் இல்ல. என் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல சறுக்கு. நிக்கிறதுக்குத்தான் நான் பழகல.

அவங்க நடுவுல நின்னாங்க. அதான் நடந்தது. சறுக்குப் பாதையில யாராவது நடுவுல நிப்பாங்களா?

மோதி ரெண்டு பேரும் உருண்டோம். பிஷ்ட் பாஞ்சு வந்து பிடிச்சார். எனக்கு ஒரு கீறல் இல்ல. அவங்க காலு மட்டும் அவங்க பக்கம் திரும்பாம வேற பக்கம் திரும்பி இருந்துச்சு. கத்தல. என் கன்னத்தைத் தொட்டுப் பாத்து, "ஒண்ணும் இல்லல்ல?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.

படுக்க வச்சு இழுக்குற வண்டியில கீழ கொண்டு போனோம். மலைக்குக் கீழ ஆஸ்பத்திரி, கட்டு, ஊசி, அப்புறம் டெல்லி, அங்கருந்து ரயில். ஜான்சி தாண்டினப்ப நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன், "நீங்க மட்டும் நடுவுல நிக்காம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது டீச்சர்." உள்ளதைத்தான சொன்னேன்? ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. அன்னையில இருந்து பேச்சு இல்ல.

நான் பேசலாம். ஆனா தப்பு யார் மேல? ஏட்டின்னு கூப்பிட்டது யாரு? அதுக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னா முடிஞ்சு போச்சு.

பேச்சு இல்லைங்கிறதுக்காக விட்டுர முடியுமா? அவங்க தனிக்கட்டை, வீடு மாடியில. அதனால எங்க வீட்டுக்கே கூட்டியாந்துட்டேன். காலையில இட்லி, பத்து மணிக்கு மாத்திரை, சாயங்காலம் ஐஸ் ஒத்தடம். "ஏறுங்க", "இறங்குங்க", "பிடிச்சுக்கோங்க", அவ்வளவுதான் எங்க உரையாடல்.

ஸ்கூலுக்குக் கட்டையை ஊனிட்டு வந்தாங்க. ஹெச்.எம். அசெம்பிளியிலேயே கேட்டுட்டாங்க, "என்ன ஆச்சு, யாரு சறுக்கினது, யாரு விழுந்தது?"ன்னு. ஆயிரத்து நூறு பிள்ளைங்க என்னையப் பாக்குது. நான் கழுத்துல கிடந்த விசிலைத் துடைச்சுட்டு நின்னேன். ஜெசிந்தா டீச்சர் மைக்கை வாங்கி, "நான்தான் விழுந்தேன். செல்லக்கனி டீச்சர் மேல இருந்து சறுக்கி வந்தாங்க, நான் கண்ணால பாத்தேன்"னாங்க. பிள்ளைங்க கூரையே பறக்குற மாதிரி கைதட்டுச்சு. பொய்யும் இல்ல பாருங்க. ஐம்பதடின்னாலும் மேல இருந்துதான? அப்புறம் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு, கோலமாவை உள்ளங்கையில போட்டு, "இது குளிர்ந்து போயி, மூடித் திறக்குறதுக்குள்ள காணாமப் போனா, அதுதான் பனி"ன்னு சொன்னாங்க. நல்லாத்தான் சொன்னாங்க. அதையும் நான் அவங்ககிட்டச் சொல்லல.

அதனால தம்பி, நீங்க போங்க. தைரியமாப் போங்க. ஆனா அடிவாரத்தைப் பாக்காம, நீங்க நிக்கப் போற உயரத்துக்குப் பாருங்க. நாளைப் பாக்காம மணியைப் பாருங்க. வெப்பநிலையை விடக் காத்தைப் பாருங்க. பனி கொட்டி முடிஞ்ச மறுநாளே மேல ஓடாதீங்க, புதுப் பனி மலையைப் பிடிக்கிறதுக்கு ஒரு நாள் ஆகும். பழக்கிக் குடுக்குறவர் கையை ஆட்டினா, என்ன சொல்றார்னு யாரையாவது கேட்டுக்கோங்க. "ருக்கோ"ன்னா நில்லு. எல்லாம் என் அனுபவம்.

என்ன கேட்டீங்க? இப்ப எப்படி இருக்காங்களா? ரொம்ப முன்னேற்றம். முதல் வாரம் முப்பது டிகிரிதான் மடங்குச்சு. போன திங்கக்கிழமை எழுபத்தஞ்சு. இன்னைக்குத் தொண்ணூறு தொடும் பாருங்க. வீக்கம் ஒண்ணரை சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு, நான் டேப் வச்சு அளந்துட்டு வர்றேன்.

இல்ல... வலியா?

வலி இருக்கான்னா...

அது... மாத்திரை குடுக்குறேன். தலகாணி வைக்கிறேன். காலையில எந்திரிக்கிறப்ப உதட்டைக் கடிச்சுக்குவாங்க, அதைப் பாத்திருக்கேன். ஆனா வலிக்குதான்னு... அஞ்சு வாரமா... ஒரு நிமிசம் இருங்க தம்பி. கதவு திறக்குது.

பாத்து, பாத்து வாங்க டீச்சர். என் தோளைப் பிடிச்சுக்கோங்க. செருப்பை நான் போட்டு விடுறேன், குனியாதீங்க.

டீச்சர்.

வலிக்குதா?

ஏன் இப்படிப் பாக்குறீங்க? வலிக்குதான்னுதான கேட்டேன். ஆமா, அஞ்சு வாரம் கழிச்சுத்தான் கேக்குறேன். சொல்லுங்க.

தம்பி, உங்க பேரைக் கூப்பிடுறாங்க, நீங்க உள்ள போங்க. நாங்க இப்பக் கிளம்ப மாட்டோம் போல. டீச்சர் உக்காந்துட்டாங்க.